பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிய சிப்பாய்கள்: எரியும் வலிக்குப் பெயர் வைத்த டாக்டர் வெயர் மிட்செல்

கால் எரிகிறது. நெருப்பில் வைத்த மாதிரி எரிகிறது. டாக்டரிடம் போனால் எக்ஸ்ரே நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல், நரம்பில் சிக்னல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட்டும் நார்மல். கடைசியில் டென்ஷனைக் குறைச்சுக்கோங்க என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எரித்ரோமெலால்ஜியா என்ற அரிய நோய் உள்ளவர்களில் பலர், தங்கள் நோயின் பெயர் தெரிய வரும் வரை இப்படித்தான் அலைகிறார்கள்.

அந்தப் பெயரை வைத்தவர் அமெரிக்க டாக்டர் சைலஸ் வெயர் மிட்செல். ஆண்டு 1878. மரபணு என்ற சொல்லே அப்போது கிடையாது. வெளியே காயம் தெரியாத வலியையும் உட்கார்ந்து கேட்க வேண்டும், அளக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும் என்று செய்து காட்டியவர் அவர். அதே மனிதர்தான், இன்னொரு வகை நோயாளிகள் தங்கள் கஷ்டத்தைச் சொன்னபோது காது கொடுக்காதவர் என்றும் பெயர் எடுத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவர் யார் என்று புரியும்.

பாம்பு விஷத்தில் ஆரம்பம்

மிட்செல் 1829 பிப்ரவரி 15 அன்று பிலடெல்பியாவில் பிறந்தார். அப்பா ஜான் கியர்ஸ்லி மிட்செலும் டாக்டர்தான். அங்கே இருந்த ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். மகன் அதே கல்லூரியில் 1850-ல் பட்டம் வாங்கினார். அதற்கப்புறம் ஒரு வருடம் பாரிஸ். உடலியலின் பெரிய ஆள் க்ளோத் பெர்னாரின் வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதே என்ற பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது.

ஊர் திரும்பியதும் பகலில் நோயாளிகளைப் பார்த்தார், மிச்ச நேரத்தில் ராட்டில் ஸ்நேக் எனப்படும் கிலுகிலுப்பைப் பாம்புகளோடு மல்லுக்கட்டினார். அந்த விஷம் பற்றிய அவருடைய ஆய்வை 1860-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்டது. பல வருடம் கழித்து, 1886-ல், எட்வர்ட் ரைக்கர்ட்டுடன் சேர்ந்து, பாம்பு விஷத்தின் வீரியம் அதிலுள்ள புரதங்களில் இருக்கிறது என்று காட்டினார். இதோடு அவர் நின்றிருந்தாலும் மருத்துவ வரலாற்றில் ஒரு வரி கிடைத்திருக்கும்.

1858-ல் கல்யாணம். இரண்டு மகன்கள். 1862-ல் மனைவி மேரி டிப்தீரியாவில் இறந்துபோனார். கைக்குழந்தையும் மூன்று வயதுப் பையனும் வீட்டில். நாட்டில் உள்நாட்டுப் போர் ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

நானூறு படுக்கைகள், எல்லாம் நரம்புக் காயம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயன்படுத்திய மினியே துப்பாக்கிக் குண்டுகள் எலும்பை நொறுக்கின, நரம்பைக் கிழித்தன. உயிர் பிழைத்தவர்களில் பலருக்குக் கை அசையவில்லை, கால் மரத்துப்போனது, அல்லது தாங்க முடியாத எரிச்சல். சாதாரண ராணுவ மருத்துவமனைகளில் இவர்களை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. புண் ஆறிவிட்டதே, இன்னும் ஏன் கத்துகிறான் என்று பார்த்தார்கள்.

வடக்குப் படையின் தலைமை மருத்துவ அதிகாரி வில்லியம் ஹேமண்ட், மிட்செலின் நண்பர். நரம்புக் காயங்களுக்கென்றே தனி மருத்துவமனை வேண்டும் என்ற யோசனையை அவர் ஏற்றுக்கொண்டார். அப்படி வந்ததுதான் பிலடெல்பியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனை. நானூறு படுக்கைகள். 1863 ஜூலையில் அதே பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் பெரும் சண்டை நடந்து முடிந்ததும் வார்டுகள் நிரம்பி வழிந்தன.

மிட்செலோடு இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஜார்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன். கீன் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர், பின்னாளில் அமெரிக்காவின் பெரிய அறுவை சிகிச்சை நிபுணர்களில் ஒருவரானார். மூன்று பேரும் பகலில் தங்கள் சொந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பிறகு இங்கே வந்து ராத்திரி வரை குறிப்பு எழுதுவார்கள். குண்டு எங்கே பட்டது, எந்தப் பக்கம் திரும்பி நின்றான், பட்டவுடன் என்ன உணர்ந்தான், கையில் இருந்ததைத் தவறவிட்டானா, எப்போது எரிய ஆரம்பித்தது, எதைத் தொட்டால் கூடுகிறது, எதனால் குறைகிறது. ஒவ்வொரு ஆளுக்கும் பக்கம் பக்கமாக.

அப்படிக் கேட்டதால்தான் சில விநோதங்கள் தெரிய வந்தன. நரம்பு முழுதாக அறுபட்டவனைவிட, பாதி அடிபட்டவனுக்குத்தான் எரிச்சல் அதிகமாக இருந்தது. எரிச்சல் பெரும்பாலும் உள்ளங்கையிலும் பாதத்திலும் வந்து உட்கார்ந்தது. அந்த இடத்துத் தோல் முடி உதிர்ந்து, சிவந்து, வார்னிஷ் அடித்த மாதிரி பளபளத்தது. பக்கத்து ஆள் நியூஸ்பேப்பரைப் புரட்டும் சலசலப்பு, யாரோ தரையில் நடக்கும் அதிர்வு, தெருவில் போகும் ராணுவ பேண்டு வாத்தியம், எல்லாமே வலியைக் கிளப்பின. காய்ந்த தோலில் துணி உரசினால் உயிர் போனது. அதனால் பாட்டில் தண்ணீரும் ஸ்பாஞ்சும் கையோடு வைத்துக்கொண்டு, எந்நேரமும் கையை நனைத்துக்கொண்டே இருந்தார்கள். சில பேர் நடக்கும்போது உரசல் தெரியாமல் இருக்க பூட்ஸுக்குள்ளேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டார்கள்.

வேறு இடத்தில் இந்த ஆட்களைப் பைத்தியம் என்றோ கோழை என்றோ ஒதுக்கியிருப்பார்கள். எப்போதும் எரிந்து விழுகிறார்கள், தூங்குவதில்லை, கதவைச் சாத்தினாலே அலறுகிறார்கள். மிட்செல் அதைத் தலைகீழாகப் பார்த்தார். தைரியமான ஆளைக்கூட இந்த வலி இப்படி மாற்றிவிடுகிறது என்று எழுதினார். குணம் கெட்டதால் வலி வரவில்லை, வலியால் குணம் கெட்டது. கிரேக்கச் சொற்களைக் கொண்டு காஸால்ஜியா, அதாவது எரியும் வலி, என்ற பெயரை 1867-ல் பயன்படுத்தினார். இன்று டாக்டர்கள் சி.ஆர்.பி.எஸ் இரண்டாம் வகை என்று சொல்வது இதைத்தான்.

கண்ணைக் கட்டி, காம்பஸ் வைத்து

வலியை நம்பினால் மட்டும் போதாது, அதை எப்படி அளப்பது? ஸ்கேன் கிடையாது, மின்சாரத்தில் நரம்பைச் சோதிக்கும் நுட்பம் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது.

மிட்செல் குழு எடுத்துக்கொண்ட கருவிகளில் ஒன்று ஸ்கூல் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ் மாதிரி ஒன்று. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் வெபர் கண்டுபிடித்த முறை அது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். காம்பஸின் இரண்டு முனைகளையும் தோலில் மெதுவாக வைப்பார்கள். ஒரு புள்ளியா, இரண்டா? நல்ல விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டு என்று தெரிந்துவிடும். முதுகில் சில சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால்கூட ஒன்று போலத்தான் தோன்றும். (வீட்டில் யாரையாவது வைத்து நீங்களே செய்து பார்க்கலாம்.) அடிபட்ட நரம்பின் பகுதியில் இந்த இடைவெளி எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தால், தொடுவுணர்ச்சி எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். பிறகு ஊசிக் குத்து, சூடு, குளிர், எந்த இடத்தில் தொட்டேன் என்று காட்டச் சொல்வது. எந்தத் தசை எந்த நரம்புக்கு என்று மின்சாரம் கொடுத்தும் பார்த்தார்கள்.

இன்னொரு விஷயம், நரம்பு மெல்ல மெல்லச் செயலிழக்கும்போது உள்ளே என்ன தெரியும் என்பதை நோயாளி சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய அவருக்கு மனசில்லை. தன் முழங்கையில், மேசையில் இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அந்த அல்னார் நரம்பின் மேல் ஐஸ் வைத்து உறையவிட்டார். சுண்டுவிரல் பக்கம் என்னென்ன மாறுகிறது என்று தானே கவனித்து எழுதினார். 1903-ல் லண்டனில் ஹென்றி ஹெட் என்ற டாக்டர் தன் கை நரம்பையே வெட்டச் சொல்லிப் பல வருடம் சோதனை செய்தார். அந்த வழியில் மிட்செல் கொஞ்சம் முன்னாலேயே நடந்திருந்தார்.

வலிக்கு மருந்தாக மார்ஃபின் ஊசி போட்டார்கள். ஒரே வருடத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல் ஊசி போட்டதாகப் பின்னாளில் கணக்குச் சொல்லப்பட்டது. இந்த எல்லா அனுபவமும் 1864-ல் மூன்று பேர் பெயரிலும் ஒரு சின்னப் புத்தகமாக வந்தது. 1872-ல் மிட்செல் அதை விரித்து, நரம்புக் காயங்களும் அவற்றின் விளைவுகளும் பற்றிய பெரிய நூலாக எழுதினார்.

ஆனால் அதே 1864-ல் அதே மூவர் இன்னொரு கட்டுரையும் எழுதினார்கள். நடிக்கும் சிப்பாய்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது பற்றி. போர்முனைக்குத் திரும்பப் போக விரும்பாத பல பேர் கை வராது, கால் வராது என்று நடித்தார்கள்தான். ஈதர் மயக்கம் கொடுத்து, மயக்கம் தெளியும் நேரத்தில் அந்தக் கை அசைகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. டர்னர்ஸ் லேனில் டாக்டர் ஒரே சமயத்தில் வைத்தியராகவும் போலீஸாகவும் இருந்தார் என்பதை மறைக்க முடியாது. உண்மை வலியை நுணுக்கமாக அறிந்துகொள்ள இந்தச் சந்தேகமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நடிப்பவனுக்கு நரம்பின் வரைபடம் தெரியாது. உண்மையாகவே அடிபட்டவனின் மரத்த பகுதி அந்த வரைபடத்தோடு பொருந்தும்.

இல்லாத காலில் வலி

1866 ஜூலையில் அட்லாண்டிக் மன்த்லி பத்திரிகையில் ஒரு கதை, எழுதியவர் பெயர் இல்லாமல் வந்தது. ஜார்ஜ் டெட்லோ என்ற ராணுவ டாக்டர் போரில் இரண்டு கை, இரண்டு கால் எல்லாவற்றையும் இழந்துவிடுகிறார். இல்லாத காலில் கெண்டை பிடித்து இழுக்கிறது, இல்லாத கை வலிக்கிறது. படித்தவர்கள் நிஜம் என்றே நம்பிவிட்டார்கள். கதையில் வரும் பிலடெல்பியா மருத்துவமனைக்கு, டெட்லோவுக்கு உதவி என்று பணம் அனுப்பியவர்களும் உண்டு. எழுதியவர் மிட்செல். நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தது கைமாறி அச்சுக்குப் போய்விட்டது என்று அவர் பின்னாளில் சொன்னார்.

துண்டித்த உறுப்பில் உணர்ச்சி இருப்பதை 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் ஆம்ப்ருவாஸ் பாரே எழுதியிருந்தார். ஆனால் மாயக் கால், மாயக் கை என்று பொருள்படும் ஃபாண்டம் லிம்ப் என்ற பெயர் 1871-ல் மிட்செல் கொடுத்தது. உறுப்பு இழந்த 90 பேரை விசாரித்ததில் நான்கே நான்கு பேருக்குத்தான் அந்த உணர்ச்சி இல்லை என்று 1872 நூலில் எழுதினார். அதாவது விதிவிலக்கு அல்ல, அதுதான் வழக்கம். அதுவரை சிப்பாய்கள் இதை வெளியே சொல்லவே கூச்சப்பட்டார்கள்.

காலை இழந்த கேப்டன் கேட்லின் என்ற ராணுவ அதிகாரி, தன் வலி எந்த நாளில் வந்தது, அன்று மழையா, காற்றழுத்தம் எவ்வளவு என்று வருடக்கணக்கில் குறித்து வைத்திருந்தார். அதை வாங்கி 1877-ல் வலிக்கும் வானிலைக்கும் உள்ள தொடர்பு பற்றி மிட்செல் கட்டுரை போட்டார். மழை வரப்போகுதுன்னா என் மூட்டு சொல்லிடும் என்று நம் பாட்டிகள் சொல்வதை, பாரோமீட்டர் வைத்துச் சரிபார்க்க முயன்ற ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று.

ஓய்வு என்ற பெயரில் ஒரு சிறை

இவ்வளவு படித்துவிட்டு, இந்த ஆள் எவ்வளவு நல்லவர் என்று தோன்றும். இங்கேதான் கதை திரும்புகிறது.

போருக்குப் பிறகு மிட்செலின் நோயாளிகள் மாறினார்கள். பிலடெல்பியாவில் எலும்பு நோய்க்கும் நரம்பு நோய்க்குமான மருத்துவமனையில் அவர் பல பத்தாண்டுகள் வேலை செய்தார். அங்கேயும் அவருடைய கன்சல்டிங் அறையிலும் வசதியான வீட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். களைப்பு, தலைவலி, தூக்கமின்மை, காரணம் தெரியாத வலி, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. இவர்களுக்காக அவர் உருவாக்கியதுதான் ரெஸ்ட் க்யூர், ஓய்வு சிகிச்சை. 1877-ல் வந்த அவருடைய புத்தகத்துக்கு கொழுப்பும் ரத்தமும் என்று அர்த்தம் வரும் தலைப்பு.

ஆறு முதல் எட்டு வாரம் படுக்கை. எழுந்து உட்காரவும் அனுமதி வேண்டும். குடும்பத்தார் வரக்கூடாது, கடிதம் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. நர்ஸ் ஊட்டிவிடுவார். பால், பால், மறுபடியும் பால். உடம்பு இளைத்துவிடாமல் இருக்க மசாஜும் மின்சார சிகிச்சையும். சிலருக்கு இதனால் எடை கூடி உடம்பு தேறியது என்பதும் உண்மைதான். இந்த முறை இங்கிலாந்துக்கும் போனது. எழுத்தாளர் வர்ஜினியா உல்ஃபுக்கும் இதே பாணி சிகிச்சைதான் கொடுத்தார்கள்.

களைத்துப்போன ஆண்களுக்கும் இதே வைத்தியமா? அவர்களில் சிலருக்கு வேறு மருந்துச்சீட்டு. மேற்கே போ, குதிரை ஏறு, வேட்டையாடு. ஓவன் விஸ்டர் என்ற இளைஞரை 1885-ல் அப்படி வயோமிங்குக்கு அனுப்பினார். அந்த அனுபவத்தில் அவர் பின்னாளில் எழுதிய நாவல்தான் கௌபாய் கதைகளுக்கே முன்னோடியான தி வர்ஜினியன். ஆணுக்குக் குதிரை, பெண்ணுக்குப் படுக்கை.

1887-ல் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் அவரிடம் வந்தார். வயது 26. குழந்தை பிறந்த பின் மனச்சோர்வு. தன் நோய் எப்படி ஆரம்பித்தது, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று நீளமாக எழுதி முன்கூட்டியே அனுப்பியிருந்தார். டர்னர்ஸ் லேனில் சிப்பாய்களிடம் மிட்செல் கேட்டு வாங்கிய அதே மாதிரியான குறிப்பு. மிட்செல் அதை மதிக்கவில்லை, தற்பெருமை என்று தள்ளிவிட்டார் என்று கில்மன் பதிவு செய்திருக்கிறார். ஒரு மாதம் படுக்க வைத்து, வீட்டு வேலையோடு இரு, குழந்தையோடு இரு, பேனாவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினாராம். அதைக் கடைப்பிடித்த சில மாதங்களில் மனம் உடையும் விளிம்புக்கே போய்விட்டதாக கில்மன் சொன்னார். பேனாவை எடுத்த பிறகுதான் மீண்டார்.

1892-ல் தி யெல்லோ வால்பேப்பர் என்ற அவருடைய சிறுகதை வந்தது. ஓய்வு என்ற பெயரில் ஓர் அறையில் அடைக்கப்பட்ட பெண், சுவரில் ஒட்டிய காகிதத்துக்குள் இன்னொரு பெண் சிக்கியிருப்பதைப் பார்க்க ஆரம்பிக்கிறாள். கதைக்குள் மிட்செலின் பெயரே வருகிறது. அவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன், பதில் இல்லை என்றார் கில்மன். கதையைப் படித்து அவர் சிகிச்சையை மாற்றிக்கொண்டார் என்று நண்பர்கள் வழியாகக் கேள்விப்பட்டதாகவும் எழுதினார். மிட்செலின் எழுத்துகளில் அதற்குத் தடயம் இல்லை.

குண்டடி பட்ட சிப்பாயின் வார்த்தைக்கு மதிப்பு, படித்த பெண்ணின் வார்த்தைக்கு இல்லை. அந்தக் காலம் அப்படி என்று ஓரளவுக்குச் சொல்லலாம். முழுசாகச் சொல்ல முடியாது. கேட்கத் தெரிந்தவர் கேட்காமல் விட்டார் என்பதுதான் உறுத்துகிறது.

முதுமை

கடைசி முப்பது வருடங்களில் அவர் டாக்டரைவிட எழுத்தாளராகத்தான் பிரபலம். 1897-ல் வந்த ஹ்யூ வின் என்ற சரித்திர நாவல் பரபரப்பாக விற்றது. கவிதையும் நிறைய எழுதினார், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1894-ல் மனநல மருத்துவமனை டாக்டர்களின் சங்கம் தன் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு அவரைப் பேசக் கூப்பிட்டது. மற்ற மருத்துவத் துறைகளிலிருந்து ஒதுங்கிப்போய் ஆராய்ச்சியே செய்யாமல் இருக்கிறீர்கள் என்று மேடையிலேயே வெளுத்து வாங்கினார். 1900-ல் ஜப்பானிலிருந்து வந்த ஹிதேயோ நோகுச்சி என்ற ஏழை இளைஞர் பிலடெல்பியாவில் பாம்பு விஷ ஆய்வு செய்ய உதவினார். பின்னாளில் ஜப்பானின் ஆயிரம் யென் நோட்டில் படம் வந்ததே, அந்த நோகுச்சிதான்.

அவருடைய மூத்த மகனும் நரம்பியல் டாக்டர். டர்னர்ஸ் லேன் நோயாளிகளில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிப்பிடித்து, முப்பது வருடத்துக்குப் பிறகு அவர்களுடைய நரம்புகள் எப்படி இருக்கின்றன என்று 1895-ல் ஒரு புத்தகம் எழுதினார். போர் எப்போதோ முடிந்திருந்தது. சில பேருக்கு வலி முடியவில்லை.

1914 ஜனவரி 4 அன்று, 84 வயதில், பிலடெல்பியாவில் மிட்செல் காலமானார்.

மரபணுவில் கிடைத்த விடை

இப்போது ஆரம்பத்தில் சொன்ன நோய்க்கு வருவோம். குண்டடி எதுவும் படாமலேயே பாதம் எரியும் சிலரை மிட்செல் கவனித்திருந்தார். 1872-ல் ஒரு வகுப்புரையில் சொன்னார், 1878-ல் விரிவான கட்டுரை எழுதினார். அதில் வரும் ஒருவர் நாற்பது வயது மாலுமி. ஆப்பிரிக்கக் கரையில் காய்ச்சலில் படுத்து எழுந்தவர். அதன் பிறகு பாதத்தில் வலி, நடந்தால் சிவந்து கொதிக்கும், பூட்ஸைக் கழற்றிக் குளிரில் வைத்தால்தான் நிம்மதி. வெயில் காலம் நரகம், குளிர்காலம் பரவாயில்லை. காலைத் தொங்கவிட்டால் கூடும், தூக்கி வைத்தால் குறையும். சிவப்பு, உறுப்பு, வலி ஆகிய மூன்றுக்கும் உள்ள கிரேக்கச் சொற்களைக் கோத்து எரித்ரோமெலால்ஜியா என்றார். இன்றைய பார்வையில் அவர் அந்தப் பெயருக்குள் வைத்த நோயாளிகளில் வேறு வேறு காரணம் உள்ளவர்களும் கலந்திருக்கலாம். ஆனால் அவர் வரைந்த படம் மாறவில்லை.

இதில் ஒரு வகை பரம்பரையாக வருவது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. 2004-ல் சீன ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளிடம் எஸ்.சி.என்.9.ஏ என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வலி நரம்புகளின் சவ்வில் சோடியம் உள்ளே வர ஒரு வாசல் இருக்கிறது, அதன் பெயர் என்.ஏ.வி 1.7. அந்த வாசலைக் கட்ட உதவும் மரபணு இது. மாற்றம் உள்ளவர்களுக்கு வாசல் லேசாகத் தட்டினாலே திறந்துகொள்கிறது, மூடவும் நேரம் எடுக்கிறது. மற்றவர்களுக்கு வெறும் வெதுவெதுப்பாகத் தெரிவது இவர்களுக்கு நெருப்பாகத் தெரிகிறது.

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. அதே வாசல் வேலையே செய்யாத குடும்பங்கள் வடக்கு பாகிஸ்தானில் இருப்பதை 2006-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. தெருவில் கையில் கத்தி குத்திக்கொண்டு, கங்குகள் மேல் நடந்து வித்தை காட்டிய ஒரு சிறுவனைத் தேடிப் போனதில் ஆரம்பித்த ஆய்வு அது. ஆய்வாளர்கள் அவனை நேரில் பரிசோதிப்பதற்கு முன், பதினான்கு வயது ஆகும் முன்பே, கூரையிலிருந்து குதித்து இறந்துவிட்டான்.

அப்படியானால் எரித்ரோமெலால்ஜியா உள்ளவருக்கு நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் ஏன் நார்மலாக வருகிறது? அந்த டெஸ்ட் தொடுதல், அசைவு போன்றவற்றைக் கடத்தும் தடித்த நரம்பு இழைகளைத்தான் அளக்கும். வலியும் சூடும் குளிரும் பயணிப்பது மெல்லிய இழைகளில். தடித்த இழைகள் நன்றாக இருந்தால் ரிப்போர்ட் நார்மல்தான். மெல்லிய இழைகளைப் பார்க்க வேறு வழி வேண்டும். கணுக்காலில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் நரம்பு நுனிகளை எண்ணுவது ஒன்று.

இன்னொன்று, அளவிடும் உணர்ச்சிப் பரிசோதனை. டாக்டர்கள் கியூ.எஸ்.டி என்பார்கள். சூட்டையும் குளிரையும் மெதுவாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சின்னத் தகட்டைத் தோலில் கட்டுவார்கள். கையில் ஒரு பட்டன். முதலில் சூடு தெரிந்த நொடியில் அமுக்க வேண்டும், பிறகு குளிர் தெரிந்த நொடியில், பிறகு சூடு வலியாக மாறும் நொடியில். வேறு வேறு தடிமன் உள்ள நைலான் இழைகளால் தோலைத் தொட்டும் பார்ப்பார்கள். 1890-களில் ஜெர்மனியின் மேக்ஸ் வான் ஃப்ரே முடிகளை வைத்துச் செய்ததன் வாரிசு அது. வந்த எண்களை அதே வயது, அதே பாலினத்தைச் சேர்ந்த ஆரோக்கியமானவர்களின் எண்களோடு ஒப்பிடுவார்கள்.

இதிலும் ஒரு பிடி இருக்கிறது. தகடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பட்டனை அமுக்குவது நோயாளிதான். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றா இரண்டா என்று சொன்ன சிப்பாய் இருந்த அதே இடத்தில் அவர் இருக்கிறார். அவர் கவனம் சிதறினாலோ, பயந்தாலோ எண் மாறும். அதனால் இந்தப் பரிசோதனையை மட்டும் வைத்து நோய் உண்டு, இல்லை என்று முடிவு செய்வதில்லை. எரிச்சல் இல்லாத நேரத்தில் செய்தால் ஒரு மாதிரி வரும், எரிச்சல் வந்திருக்கும்போது செய்தால் வேறு மாதிரி வரலாம். நோயாளி சொல்லும் கதை, குடும்பத்தில் யாருக்கு இருந்தது, மரபணுப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பாதம் எரியும் எல்லோரும் இதைப் படித்துவிட்டு பயப்பட வேண்டியதில்லை. சர்க்கரை நோயும் பி12 குறைபாடும் இதைவிட எத்தனையோ மடங்கு சகஜமான காரணங்கள். முதலில் அவற்றைத்தான் பார்க்கச் சொல்வார்கள். எரித்ரோமெலால்ஜியா உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று ஐஸ் தண்ணீர். காலை அதிலேயே வைத்திருந்தால் அந்த நேரத்துக்குச் சுகம், ஆனால் தோல் ஊறிப் புண்ணாகி, கிருமி தொற்றி, விரலுக்கே ஆபத்தாகலாம். ஃபேன் காற்று, காலைத் தூக்கி வைப்பது, இறுக்கமில்லாத செருப்பு ஆகியவை பாதுகாப்பானவை.

முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. என்.ஏ.வி 1.7 வாசலை மட்டும் அடைக்கும் மருந்துக்காகப் பல கம்பெனிகள் முயன்றும் எதுவும் ஒப்புதல் வரை போகவில்லை. அதன் உறவுக்கார வாசலான 1.8-ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது, ஆனால் அது அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பின் வரும் திடீர் வலிக்குத்தான். பரம்பரை எரித்ரோமெலால்ஜியாவில், மரபணுவில் மாற்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபினும் இதயத் துடிப்புக் கோளாறுக்கான மெக்ஸிலெட்டினும் சில பேருக்கு நன்றாகக் கேட்கின்றன. ஒரே நோய்தான், ஆனால் ஒரு குடும்பத்துக்குக் கேட்கும் மாத்திரை இன்னொரு குடும்பத்துக்குக் கேட்பதில்லை. அதனால்தான் நரம்பியல் டாக்டர்கள் இப்போது மருந்து எழுதும் முன் மரபணு ரிப்போர்ட்டைக் கேட்கிறார்கள், கூடவே அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி காலில் எரிச்சல் என்று சொன்னதுண்டா என்றும் விசாரிக்கிறார்கள்.